ஒரே கணினியில் ஐந்தாறு விர்ச்சுவல் மெஷின் ஓட்ட எந்த எஸ்எஸ்டி வாங்கலாம்?

64 ஜிபி ராம், பிராக்ஸ்மாக்ஸ் (விர்ச்சுவல் மெஷின்களை, சுருக்கமாக விஎம்களை, ஓட்டும் மென்பொருள்), இரண்டு விண்டோஸ் சர்வர், ஒரு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், மூன்று நோடு குபர்னெட்டிஸ் (செயலிகளைப் பல இயந்திரங்களில் பிரித்து ஓட்டும் அமைப்பு; ஒவ்வொரு இயந்திரமும் ஒரு நோடு). இதற்கு அட்டைப்பெட்டியில் 'நொடிக்கு 7000 எம்பி' என்று போட்டிருக்கும் என்விஎம்இ (பிசிஐஇ பாதையில் நேராக இணையும் எஸ்எஸ்டி) போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த 7000-ஐ மறந்துவிடுங்கள். ஒரு பெரிய கோப்பை முதலிலிருந்து கடைசிவரை நேராகப் படிக்கும்போது வருகிற வேகம் அது. ஆறு விஎம் சேர்ந்து ஓடும்போது ஆளுக்கொரு மூலையில் 4 கேபி, 8 கேபி என்று துண்டு துண்டாகப் படிக்கும், எழுதும். 7200 சுற்று ஹார்டு டிஸ்க்கால் இப்படிப்பட்ட வேலையை நொடிக்கு நூறு தடவை போலத்தான் செய்ய முடியும். சாட்டா (பழைய வகை இணைப்பு) எஸ்எஸ்டி பல்லாயிரம் தாங்கும், ஆனால் ஒரே வரிசையில் 32 கட்டளைகள்தான் நிற்கலாம். என்விஎம்இ-யில் அந்த நெரிசல் கிடையாது. பிசிஐஇ 3.0 தலைமுறையே உங்களுக்குத் தாராளம். 5.0-க்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் ராம் வாங்குங்கள். ராம் போதாமல் ஸ்வாப் (ராமுக்குப் பதில் டிஸ்க்கைப் பயன்படுத்துவது) ஓட ஆரம்பித்தால் எந்த டிஸ்க்கும் திணறும்.

அடுத்து, உள்ளே இருப்பது கியூஎல்சியா (ஒரு செல்லில் 4 பிட்) டிஎல்சியா (ஒரு செல்லில் 3 பிட்) என்று பாருங்கள். மலிவான கியூஎல்சி முதலில் ஒரு வேகமான தற்காலிகப் பகுதியில் எழுதிக்கொள்ளும். 200 ஜிபி விஎம் ஒன்றை குளோன் செய்து பாருங்கள். ஆரம்பத்தில் நொடிக்கு ஜிபி கணக்கில் பறக்கும். அந்தப் பகுதி நிறைந்ததும் வேகம் ஹார்டு டிஸ்க் அளவுக்கு விழும், மற்ற விஎம்களும் சேர்ந்து உறையும். டிஸ்க் நிறைய நிறைய அந்தப் பகுதியும் சுருங்கும். ஆயுளிலும் வித்தியாசம் பெரிது: 1 டிபி அளவில் குரூஷியல் பி3-க்கு 220 டிபி எழுதும்வரை உத்தரவாதம், சாம்சங் 990 ப்ரோவுக்கு 600 டிபி. இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை போட்டால் எழுதும் அளவு இன்னும் பெருகும், அதனால் டிராம் (வேகமான தற்காலிக நினைவகச் சிப்) உள்ள டிஎல்சியே வாங்குங்கள்.

போஸ்ட்கிரெஸ்தான் உண்மையான சோதனை. ஒவ்வொரு கமிட்டுக்கும் (மாற்றத்தை நிரந்தரமாக்கும் கட்டளை) 'டிஸ்க்கில் பத்திரமாக ஏறிவிட்டது' என்ற உறுதி வரும்வரை அது காத்திருக்கும். சாதாரண எஸ்எஸ்டி அந்த உறுதியைத் தர, நிரந்தரமாகச் சேமிக்கும் ஃபிளாஷ் சிப்பில் எழுதி முடிக்க வேண்டும். சர்வர் ரக டிஸ்க்கில் கொஞ்சம் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர்கள் இருக்கும். கரண்ட் போனாலும் டிராமில் இருப்பதை ஃபிளாஷுக்கு மாற்ற அந்த மின்சாரம் போதும் என்பதால், தரவு டிராமுக்கு வந்தவுடனே 'ஆச்சு' என்று பதில் சொல்லிவிடும். பெட்டியில் பெரிய எண் போட்ட கேமிங் ரக எஸ்எஸ்டி இந்த இடத்தில் பழைய சர்வர் டிஸ்க்கிடம் தோற்கும். குபர்னெட்டிஸ் தன் நிலவரத்தைச் சேமிக்கும் இடிசிடி தரவுத்தளமும் இதே ரகம். எழுதும் வேலைகளில் 100-க்கு 99-ஆவது 10 மில்லிசெகண்டுக்குள் உறுதியாக வேண்டும் என்பது அதன் ஆவணத்தில் உள்ள பரிந்துரை. அதைத் தாண்டிக்கொண்டே போனால் தலைமை நோடு அடிக்கடி மாறும், நீங்கள் நெட்வொர்க்கைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

நான் வாங்கினால் இப்படித்தான் பிரிப்பேன்: விண்டோஸ் விஎம்களுக்கு 2 டிபி டிஎல்சி என்விஎம்இ, போஸ்ட்கிரெஸுக்கும் இடிசிடிக்கும் கெப்பாசிட்டர் உள்ள சிறிய சர்வர் எஸ்எஸ்டி, பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. பழையது என்றால் ஸ்மார்ட் (டிஸ்க் தானே வைத்திருக்கும் உடல்நிலைக் கணக்கு) விவரத்தில் எத்தனை சதவீதம் தேய்ந்திருக்கிறது என்று விற்பவரிடம் படம் கேளுங்கள். நீளத்தையும் பாருங்கள். சர்வர் எம்.2 (மதர்போர்டில் நேராகச் செருகும் எஸ்எஸ்டி) பெரும்பாலும் 110 மிமீ நீளம் இருக்கும், பல மதர்போர்டுகளில் 80 மிமீக்குத்தான் இடம். பேக்கப்புக்கு மட்டும் ஹார்டு டிஸ்க் போதும்.

அப்புறம், பிராக்ஸ்மாக்ஸில் ஒவ்வொரு விஎம் டிஸ்க்குக்கும் 'டிஸ்கார்டு' டிக் போட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் விஎம்முக்குள் நீங்கள் அழித்த 50 ஜிபி வெளியே நிரம்பியபடியே கிடக்கும். இப்போது இருக்கும் டிஸ்க்கே திணறுகிறதா என்று தெரிய, விஎம்கள் ஓடும்போது ஐஓஸ்டாட் கட்டளையில் எழுதுவதற்கான காத்திருப்பு நேரத்தைப் பாருங்கள். ஒன்றிரண்டு மில்லிசெகண்டுக்குள் இருந்தால் இந்தச் செலவைத் தள்ளிப்போடலாம்.