ஸ்டீரியோ ஒலியில் எது மேல்: வினைல் இசைத்தட்டா, சிடியா?

இடது, வலது ஒலிகள் ஒன்றோடொன்று கலக்காமல் வருவதுதான் உங்கள் கேள்வி என்றால், சிடிதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

காரணம் ஊசியில் இருக்கிறது. ஸ்டீரியோ இசைத்தட்டில் இரண்டு சேனல்களும் ஒரே பள்ளத்தில்தான் பதிவாகின்றன. பள்ளத்தின் ஒரு சுவர் இடது, மறுசுவர் வலது. இரண்டும் 45 டிகிரி சாய்ந்திருக்கும். ஆலன் பிளம்லைன் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் 1931-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த யோசனை இது. எவ்வளவு அழகான யோசனை! ஆனால் ஒரே ஊசி இரண்டு சுவர்களையும் உரசிக்கொண்டு போவதால், ஒரு பக்க ஒலி மறுபக்கம் கொஞ்சம் கசியும். ஊசியைத் தாங்கும் பாகமான கார்ட்ரிட்ஜ் நல்லதாக இருந்தாலும் பிரிப்பு சுமார் 25 முதல் 30 டெசிபல்தான். சிடியில் இரண்டும் தனித்தனி எண்களாகவே பதிவாகியிருப்பதால், நல்ல பிளேயரில் அது 90 டெசிபலைத் தொடும்.

அப்புறம் பேஸ், அதாவது கீழ்ஸ்தாயி ஒலி. இரு பக்கமும் அது அதிகமாக மாறுபட்டால் ஊசி மேலும் கீழும் குதிக்கும். அதனால் தட்டு வெட்டும்போதே பேஸை ஒன்றாக்கி நடுவில் வைத்துவிடுவார்கள். தட்டின் உட்புறம் போகப்போக, சுற்று நிமிடத்துக்கு 33⅓ என்று மாறாமல் இருந்தாலும், ஊசிக்கடியில் பள்ளம் ஓடும் வேகம் குறைகிறது. கடைசிப் பாட்டில் மேல்ஸ்தாயி ஒலிகள் சிதைவது அதனால்தான்.

சரி, பிறகு ஏன் சில ஆல்பங்கள் வினைலில் நன்றாகக் கேட்கின்றன? 1990-களிலிருந்து பல சிடிகளைச் சத்தம் தூக்கலாகக் கேட்கவேண்டும் என்று அழுத்தி மாஸ்டர் செய்தார்கள், அதாவது வெளியிடும் இறுதிப் பதிவைத் தயாரித்தார்கள். மெல்லிய ஒலிக்கும் பலத்த ஒலிக்கும் இடையிலான வித்தியாசமே போய்விட்டது. அது மாஸ்டரிங்கின் குற்றம், சிடியின் குற்றமல்ல. வாங்கும்முன் எந்த ஆண்டுப் பதிப்பு என்று பாருங்கள். 1980-களின் சிடி கிடைத்தால் அதையும் ஒருமுறை கேட்டுப்பாருங்கள்.