எத்தனை பேரில் 95 விழுக்காடு?

கேள்வி: ஒரு பல்கலைக்கழகத்தின் செவிலியர் பட்டப்படிப்பைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, ‘உரிமத் தேர்வில் 95 விழுக்காடு தேர்ச்சி, படித்து முடித்த அனைவருக்கும் வேலை’ என்னும் அதன் அறிவிப்பை மட்டும் வைத்து அந்தப் படிப்பை எடைபோட முடியாது என்று தாங்கள் குறிப்பிட்டிருந்தீர்கள். தேர்ச்சியும் வேலையும் போதாதென்றால் வேறு எதைத்தான் ஒரு படிப்பிடம் எதிர்பார்ப்பது? குறை காண வேண்டும் என்றே எழுதியது போல் இருக்கிறதே?

பதில்: அந்த 95 விழுக்காடு எத்தனை பேரில் என்பதை அறிவிப்பு சொல்லவில்லை, நாம் அதைக் கேட்டோம், அவ்வளவே. முதலாண்டில் 100 பேர் சேர்ந்து, இடையில் 25 பேர் விலகிப் போய், ‘இவர்கள் தேற மாட்டார்கள்’ என்று மாதிரித் தேர்வின் பேரில் இன்னும் 15 பேரை நிறுத்திவைத்து, எஞ்சிய 60 பேரை மட்டும் உரிமத் தேர்வுக்கு அனுப்பி, அவர்களில் 57 பேர் தேறினாலும் 95 விழுக்காடுதான்; சேர்ந்த 100 பேரும் எழுதி 95 பேர் தேறினாலும் 95 விழுக்காடுதான். இந்த இரண்டும் ஒரே தரமுள்ள கல்லூரிகள் என்று தாங்கள் ஒப்புக்கொள்ள மாட்டீர்கள். ஆகவே, சேர்ந்தவர்களில் எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேர் முதல் முறையிலேயே தேறினார்கள் என்னும் இரண்டு எண்களும் பக்கத்தில் இல்லாத தேர்ச்சி விழுக்காட்டை விளம்பரம் என்றுதான் கொள்ள வேண்டியிருக்கிறது.

உரிமத் தேர்வை நாம் இளக்காரமாகப் பார்க்கவில்லை. ஆனால் புதிதாக வேலைக்கு வருபவரால் நோயாளிக்குத் தீங்கு நேராது என்னும் குறைந்தபட்ச உறுதியைத் தருவதற்காகவே அது இருக்கிறது. அமெரிக்காவில் செவிலியர் உரிமத்துக்காக எழுதும் என்கிளெக்ஸ் தேர்வு 1994 முதல் கணினிவழியே நடக்கிறது. ஒவ்வொரு விடைக்கும் ஏற்ப அடுத்த கேள்வியின் கடினத்தை மாற்றிக்கொண்டே போய், எழுதுபவர் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலா கீழா என்பதில் போதிய உறுதி கிடைத்ததும் அது நின்றுவிடும். எவ்வளவு மேலே என்று தேறியவருக்கு மதிப்பெண் தருவதில்லை. அந்தத் தேர்வையே 2023 ஏப்ரலில் திருத்தி, ஒரு நோயாளியின் நிலை மாற மாற என்ன முடிவெடுப்பீர்கள் என்று தொடர்ந்து கேட்கும் வினாக்களைச் சேர்த்தார்கள். அதுவரை இருந்த வினாக்கள் அந்தத் திறனைப் போதிய அளவு சோதிக்கவில்லை என்று தேர்வு நடத்துபவர்களே உணர்ந்திருக்கும்போது, தேர்ச்சி விழுக்காட்டோடு கேள்வியை முடித்துக்கொள்ளுங்கள் என்று நம்மிடம் சொல்வதில் பொருளில்லை.

அனைவருக்கும் வேலை என்பதைப் பற்றி நீட்டிச் சொல்ல ஏதுமில்லை. 2018 நிலவரப்படி உலகில் 59 லட்சம் செவிலியர் பற்றாக்குறை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. ஆள் கிடைக்காத தொழிலில் பட்டம் பெற்றவருக்கு வேலை கிடைத்ததில் கல்லூரியின் பங்கு எவ்வளவு என்பதைத் தங்கள் ஊகத்துக்கே விடுகிறோம். ஓராண்டு கழித்து அவர்களில் எத்தனை பேர் அந்தத் தொழிலிலேயே இருக்கிறார்கள் என்று கேட்டிருந்தால் ஓரளவு பயன் உண்டு.

எதைப் பார்ப்பது என்று கேட்டீர்கள். சுவாச எண்ணிக்கையை எடுத்துக்கொள்வோம். நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் கருவி சொல்லிவிடும். சுவாசத்தை மட்டும் பெரும்பாலும் நோயாளியின் மார்பு எழுந்து தாழ்வதை ஒரு முழு நிமிடம் நின்று பார்த்துத்தான் எண்ண வேண்டும். வேலை நெருக்கும்போது முதலில் கைவிடப்படுவதும் அதுவே. குறிப்பேட்டைப் புரட்டினால் வரிசையாக எல்லாப் படுக்கைக்கும் 18, 18, 20, 18 என்று எழுதியிருக்கும் வார்டுகள் உண்டு. அத்தனை பேரும் ஒன்றுபோல் மூச்சுவிடுகிறார்கள் என்று நம்ப வேண்டும் போலும்! நோயாளியின் நிலை சரியத் தொடங்குவதை முன்கூட்டியே காட்டும் அறிகுறிகளில் ஒன்று இந்த எண். வயது வந்தவருக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு என்பதை எந்த மாணவியும் எழுதிவிடுவார். இரவுப் பணியின் கடைசி மணி நேரத்தில், தூங்கிக்கொண்டிருக்கும் ஒருவரின் அருகில் நின்று எண்ணி, 26 என்று கண்டு, ஐயத்தால் மறுபடியும் எண்ணி, மருத்துவரை எழுப்பி, தயங்காமல் நிலையைச் சொல்வாரா என்பதுதான் படிப்பின் விளைவு. அந்த விடை கல்லூரி அலுவலகத்தில் கிடைக்காது. பட்டதாரியை ஆறு மாதம் உடன் வைத்து வேலை வாங்கிய மூத்த செவிலியரிடம் கிடைக்கும். தன் பட்டதாரிகளைப் பற்றி அவர்களிடம் முறையாகக் கேட்டுப் பதிவு செய்து, கேட்டதற்கு ஏற்பப் பாடத்தை மாற்றிய துறையா என்று பாருங்கள்.

பயிற்சி நேரத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் பொதுச் செவிலியர் படிப்புக்குக் குறைந்தது 4,600 மணி நேரம் என்றும், அதில் பாதியாவது நோயாளிகளிடையே நடக்கும் பயிற்சியாக இருக்க வேண்டும் என்றும் விதித்திருக்கிறது. நல்ல விதிதான். ஆனால் மாணவர் வார்டின் ஓரத்தில் நின்றதும் மணிக்கணக்கில் சேர்ந்துவிடுகிறது. பயிற்சிப் பதிவேட்டை வாங்கிப் பாருங்கள்: ஊசி போட்டது, குழாய் பொருத்தியது, காயத்துக்குக் கட்டுப்போட்டது என எல்லாவற்றுக்கும் ஒரே நாளில், ஒரே மையில், ஒரே கையெழுத்து விழுந்திருந்தால் அந்த மணி நேரங்களின் மதிப்பு விளங்கிவிடும். மறுபுறம், நோயாளிகளிடையே நடக்கும் பயிற்சி நேரத்தில் பாதி வரை, நோயாளிக்குப் பதில் பொம்மை முதலியவற்றை வைத்துச் செய்யும் மாதிரிச் சூழல் பயிற்சிக்கு மாற்றினாலும் தேர்ச்சியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று 2014-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு கண்டது. ‘அப்படியானால் பொம்மை வாங்கினால் போதும்’ என்று சில நிர்வாகங்கள் மகிழ்கின்றன. பயிற்சி பெற்ற ஆசிரியர்களும், ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் நடந்ததை அலசும் கலந்துரையாடலும் அந்த ஆய்வில் இருந்தன என்பதை மறந்துவிடுகின்றன.

பட்டப்படிப்பே வீண் என்று நாம் சொல்லவில்லை. 9 ஐரோப்பிய நாடுகளின் 300 மருத்துவமனைகளில், 4 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சை நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஆய்வில், பட்டதாரிச் செவிலியரின் பங்கு 10 விழுக்காட்டுப் புள்ளி கூடும் இடத்தில் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு குறைவாக இருந்தது. அதே ஆய்வு, ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால் அந்த வாய்ப்பு 7 விழுக்காடு ஏறுவதையும் கண்டது. முதல் பாதியை மேற்கோள் காட்டும் பல்கலைக்கழகங்கள் இரண்டாம் பாதியை ஏனோ காட்டுவதில்லை. பட்டத்தால் உயிர் காக்கப்படக்கூடும் என்பதால்தான் பட்டத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கிறோம்.

எனவே அந்தத் துறைக்கு மூன்று எண்களைக் கேட்டு எழுதுங்கள்: கடைசி ஐந்து ஆண்டுகளில் சேர்ந்தவர்கள், உரிய காலத்தில் முடித்தவர்கள், முதல் முறையில் தேறியவர்கள். ஆண்டுவாரியாக அனுப்பினால் ஒரு எண்ணும் விடாமல் இந்தப் பக்கத்திலேயே அச்சிடுகிறோம்.