தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு போகாதீர்கள்

கேள்வி: சிஸ்டர் அக்கா, என் அம்மாவுக்கு 67 வயது, இருபது வருடமாகச் சர்க்கரை. தைப்பூசக் காவடிக்கு வெறுங்காலோடு தார் ரோட்டில் நடந்ததில் உள்ளங்காலில் கொப்புளம் வந்தது. சூடு பட்டதே அவருக்குத் தெரியவில்லை. நான்கு மாதமாகியும் புண் ஆறவில்லை. ஹைப்பர்பேரிக் ஆக்சிஜனுக்கு லெட்டர் தருகிறேன் என்கிறார் டாக்டர். அது கடலில் முக்குளிப்பவர்களுக்கான அறை இல்லையா?
– வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: அதே அறைதான் தங்கச்சி. உள்ளே அழுத்தத்தை இரண்டு, இரண்டரை மடங்காக ஏற்றுவார்கள். கடலில் 10, 15 மீட்டர் ஆழத்தில் இருப்பது மாதிரி. அம்மா அங்கே சுத்த ஆக்சிஜனைச் சுவாசிப்பார். சாதாரணமாக ஆக்சிஜனைச் சுமப்பது சிவப்பணு. அந்த அழுத்தத்திலோ ரத்தத்தின் நீர்ப்பகுதியிலேயே நிறையக் கரைந்துவிடும். 1960-ல் ஆம்ஸ்டர்டாமில் டாக்டர் பூரெமா, சிவப்பணுவே இல்லை என்று சொல்லும் அளவுக்கு ரத்தத்தை மாற்றிய பன்றிகளை மூன்று மடங்கு அழுத்தத்தில் உயிரோடு வைத்துக் காட்டினார். கரிப்புகை விஷம், கதிர்வீச்சில் கெட்டுப்போன தாடை எலும்பு, திடீர்ச் செவிடு என்று இன்றைக்கு முக்குளிக்காத பலருக்கும் இந்த அறை உதவுகிறது.

சரி, அம்மாவின் கால்? லெட்டரை வாங்குவதற்கு முன்னால் டாக்டரிடம் ஒன்று கேளுங்கள்: காலுக்குப் போகும் ரத்தக்குழாயைப் பார்த்தாயிற்றா? குழாய் அடைத்திருந்தால் அதைத் திறப்பதுதான் முதல் வேலை. எலும்பு வரை சீழ் போயிருக்கிறதா என்று எக்ஸ்ரே, செத்த சதையை எடுப்பது, புண்ணில் பாரம் விழாதபடி செருப்பு, இதெல்லாம் நடந்தும் ஒரு மாதமாகப் புண் அசையவில்லை என்றால்தான் அறை. 2018-ல் நெதர்லாந்தில் 120 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஆக்சிஜன் அறையால் கால் பிழைத்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அறைக்கு ஒதுக்கப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குப் பேர் சிகிச்சையை முழுதாக முடிக்கவில்லை என்பதும் உண்மை. வாரம் ஐந்து நாள், தடவைக்கு ஒன்றரை இரண்டு மணி நேரம், மொத்தம் முப்பது நாற்பது தடவை. கூட்டிப்போக ஆள் வேண்டாமா? மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) அனுமதியையும் முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

லெட்டரில் நுரையீரல் பற்றிக் கட்டாயம் இருக்க வேண்டும். நெஞ்சுக்குள் காற்றுக் கசிவு இருந்தால் உள்ளே விடவே கூடாது. சளி பிடித்திருந்தாலும் சொல்லுங்கள். காது அடைத்துக்கொண்டு வலிக்கும். மூக்கைப் பிடித்து விழுங்கப் பழக்கிவிடுங்கள். உள்ளே இருக்கும்போது சர்க்கரை இறங்கும், அதனால் பட்டினியாக அனுப்பாதீர்கள். சில வாரம் தூரப்பார்வை மங்கலாம். புதுக் கண்ணாடிக்கு அவசரப்பட வேண்டாம்.

இன்னொன்று. நான் டிரஸ்ஸிங் போட்டு வந்த ஒரு பாட்டி, முதல் நாள் என்று தலை நிறையத் தேங்காயெண்ணெய் வைத்து, முழங்காலுக்கு விக்ஸ் தடவி, நைலான் சேலையில் போய் நின்றார். வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பாட்டிக்குக் கோபமான கோபம். ஆனால் அத்தனை ஆக்சிஜனுக்கு நடுவே ஒரு பொறி போதும், எண்ணெய் பற்றிக்கொள்ளும். அங்கே தரும் பருத்தி உடை மட்டும்தான். செல்போன், காது மிஷின், நகை எல்லாம் வெளியே. தாலியைக் கழற்ற அம்மாவுக்கு மனசு வராவிட்டால், அந்த ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு வெறும் பருத்திக் கயிற்றில் மஞ்சள் கட்டிக்கொள்ளலாமா என்று அங்குள்ள சிஸ்டரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அந்தப் பாட்டி கடைசியில் அப்படித்தான் போனார்.