சிலிண்டரின் அகலம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்தில் லீட்ஸுக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. போன ஞாயிறு ஒரு சூப்பர்மார்க்கெட் வாசலில் 1959 காடிலாக் நின்றது. பின்னால் மீன் துடுப்பு மாதிரி நிமிர்ந்திருக்குமே, அதேதான். இத்தனை வருடத்தில் நான் இங்கே பார்த்த மூன்றாவது பழைய அமெரிக்கக் கார் இது. ஆனால் பிரிட்டிஷ் குட்டிக் கார்களான பழைய மினியும் மோரிஸ் மைனரும் அடிக்கடி கண்ணில் படுகின்றன. ரோடு குறுகல், அதனால்தான் என்கிறார் உடன் வேலை பார்ப்பவர். அவ்வளவுதானா?

க., லீட்ஸ்

அன்புள்ள க.,

ரோடும் ஒரு காரணம்தான். அந்த காடிலாக் 5.7 மீட்டர் நீளம், இரண்டு மீட்டருக்குமேல் அகலம். உங்கள் ஊர் பார்க்கிங் கட்டம் வழக்கமாக 4.8க்கு 2.4 மீட்டர். ஸ்டியரிங் வேறு இடது பக்கம், முன்னால் போகும் லாரியை முந்த எட்டிப் பார்ப்பதே சிரமம். ஆனால் என்னைக் கேட்டால் வரிதான் பெரிய காரணம்.

1915இல் பிரிட்டிஷ் நிதியமைச்சர் மெக்கன்னா இறக்குமதிக் கார்களுக்கு மூன்றில் ஒரு பங்கு வரி போட்டார். போர்ச் செலவுக்காக வந்த வரி, போர் முடிந்தும் போகவில்லை. 1924இல் எடுத்தார்கள், அடுத்த வருடமே சர்ச்சில் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்.

சரி, உள்நாட்டிலேயே செய்தால்? ஃபோர்டு 1911 முதல் மான்செஸ்டரில் மாடல் டி காரைச் செய்துகொண்டிருந்தது. அதைப் பிடித்தது 1921இல் வந்த குதிரைத்திறன் வரி. ஒரு குதிரைத்திறனுக்கு வருடம் ஒரு பவுண்டு. இன்ஜினை ஓட்டிப் பார்த்து அளப்பதில்லை, சூத்திரம்தான்: சிலிண்டரின் குறுக்களவை அங்குலத்தில் எடுத்து, அதன் வர்க்கத்தைச் சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கி, 2.5ஆல் வகுக்க வேண்டும். பிஸ்டன் எவ்வளவு தூரம் ஏறி இறங்குகிறது என்பது கணக்கிலேயே கிடையாது. மாடல் டி-க்கு மூன்றே முக்கால் அங்குலம், நான்கு சிலிண்டர். போட்டுப் பாருங்கள், 22.5 வரும். வருடத்துக்கு 23 பவுண்டு. அடுத்த வருடம் வந்த ஆஸ்டின் செவன் என்ற பிரிட்டிஷ் குட்டிக் காருக்கு 8 பவுண்டுதான்.

பெட்ரோல் மலிவான அமெரிக்காவில் இன்ஜினை அகலமாக, நிதானமாகச் சுற்றும்படி செய்தார்கள். பிரிட்டனில் சிலிண்டர் ஒல்லியாகி உயர்ந்தது. கடைசியில் ஃபோர்டே 1932இல் பிரிட்டனுக்காக எட்டுக் குதிரைத்திறனில் மாடல் ஒய் என்று ஒரு குட்டிக் காரைக் கொண்டுவந்தது. ஒரு சூத்திரம் ஒரு தேசத்தின் இன்ஜின் வடிவத்தையே மாற்றியது என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

1948இல் புதுக் கார்களுக்கெல்லாம் ஒரே வரி, 10 பவுண்டு என்று ஆனது. ஆனால் அப்போது பிரிட்டன் கையில் டாலர் இல்லை. அமெரிக்கப் பொருட்களின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு. பெட்ரோல் ரேஷன் 1950 மே வரை நீடித்தது. பெரிய இன்ஜின் பெட்ரோலும் அதிகம் குடிக்கும்: உங்கள் காடிலாக்கின் இன்ஜின் 6.4 லிட்டர், ஆஸ்டின் செவனுடையது சுமார் முக்கால் லிட்டர். அன்றைக்குப் புதிதாக விற்காத வண்டி இன்றைக்குப் பழைய வண்டியாக எங்கிருந்து வரும்? மினியும் மைனரும் அங்கேயே பிறந்து, அங்கேயே கிழடானவை.

வந்தவற்றில் சில, மில்டன்ஹால், லேக்கன்ஹீத் போன்ற விமானத் தளங்களுக்கு வந்த அமெரிக்க வீரர்கள் கொண்டுவந்தவை. அப்புறம், ஆசைப்பட்டுப் பிற்காலத்தில் வரவழைத்தவை. அதனால் அந்த வண்டிக்காரரை மறுபடி பார்த்தால் பேச்சுக் கொடுங்கள். எந்த ஊரிலிருந்து எப்போது வந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். எனக்கும் எழுதுங்கள்.