பள்ளிக் கலைத்திட்டம் என்றால் என்ன? அதற்குப் பின்னால் தத்துவம் எதற்கு?

பிள்ளைக்கு எதை, எந்த வயதில், எப்படிக் கற்றுத்தருவது, கற்றதை எப்படிச் சோதிப்பது என்று வகுத்துக்கொள்ளும் முழுத் திட்டம்தான் கலைத்திட்டம். பாடவேளை, விளையாட்டு, தேர்வு, தோட்ட வேலை எல்லாமே இதில் அடக்கம்.

வீட்டுச் சமையல் மாதிரிதான். அரிசியும் பருப்பும் எங்கும் ஒன்றுதான். சாப்பிடப்போவது கைக்குழந்தையா, சர்க்கரை நோயாளியா என்பதைப் பொறுத்துப் பக்குவம் மாறும். அப்படித்தான் பாடத்தின் பக்குவமும் நோக்கத்தைப் பொறுத்து மாறும். பிள்ளை எப்படிப்பட்ட மனிதராக வளர வேண்டும் என்ற கேள்விக்கு நாம் வைத்திருக்கும் பதில்தான் தத்துவம்.

1937-ல் வார்தா நகரில் நடந்த கல்வி மாநாட்டில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியையே எடுத்துக்கொள்ளுங்கள். கைத்தொழில் தாழ்ந்ததல்ல, கல்வி தாய்மொழியில் இருக்க வேண்டும் என்பது அவர் நம்பிக்கை. அதனால் தக்ளியில் (கையால் சுழற்றும் சிறு நூற்புக் கருவி) நூல் நூற்பது போன்ற தொழில் பாடத்தின் மையமானது. நூலை அளந்து எண்ணினால் கணக்கு; பருத்தி எந்த மண்ணில் விளையும் என்று பார்த்தால் புவியியல்; கைநெசவு நசிந்த கதையைக் கேட்டால் வரலாறு. எவ்வளவு அழகான யோசனை! 1896-ல் சிகாகோவில் அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் டூயி தொடங்கிய பள்ளியிலும் சமையல், தச்சு வழியே பாடம் நடந்தது. ஆனால் அவர் முதன்மையாக நினைத்தது, ஜனநாயகத்தில் சேர்ந்து வாழப் பழக்குவதை.

என்னைக் கேட்டால், பள்ளியில் சேர்க்கும்முன் பெற்றோர் கட்டணத்தைவிட முதலில் விசாரிக்க வேண்டியது இந்த நோக்கத்தைத்தான்.

அப்புறம், பாடநூல்தான் கலைத்திட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒரு கருவி மட்டுமே. புதுப் புத்தகம் வந்தும் தேர்வு பழையபடி மனப்பாடத்தையே கேட்டால், கலைத்திட்டம் மாறவில்லை என்றுதான் அர்த்தம்.