தினமும் போடும் மண்ணிற ஐஷடோ: ஞாயிறு கேள்வி பதில்

மட்டக்களப்பு, கல்லடியில் பதினான்கு வருடமாக மணப்பெண் அலங்காரம் செய்கிறேன். கலியாண மேக்கப் வேறு, காலை ஏழு மணிக்கு அவசரமாகப் பூசிக்கொண்டு ஓடுவது வேறு. அதனால் ஒன்பது குழி உள்ள நியூட்ரல் ஐஷடோ பலட் (இமையில் பூசும் மண்ணிறத் தூள் பெட்டி) ஒன்றை நான்கு வாரம் நானே தினமும் போட்டுப் பார்த்தேன். அதைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றுக்குப் பதில் இதோ. புருவம், முடி, பரு எல்லாம் இன்னொரு நாள்.

கல்முனை, ஆசிரியை: அக்கா, சேலையோடு பாடசாலைக்குத் தினமும் போடலாமா? அதிபர் ஏதும் சொல்லிவிடுவாரோ என்று பயம்.

போடலாம் தங்கச்சி. பார்க்கிறவருக்கு ‘நல்லா நித்திரை கொண்டிருக்கிறா’ என்று தோன்ற வேண்டும், ‘கண்ணுக்கு ஏதோ பூசியிருக்கிறா’ என்று தோன்றக் கூடாது.

இரண்டு நிறம் போதும். முதலாவது, உங்கள் தோலைவிட ஒரு படி இருண்ட, மினுக்கம் இல்லாத பழுப்பு. கண்ணைத் திறந்து கண்ணாடியை நேரே பார்த்தபடி மடிப்புக்குச் சற்று மேலே பூசுங்கள். மூடிக்கொண்டு பூசினால், திறக்கும்போது நிறம் மடிப்புக்குள் போய் ஒளிந்துவிடும். பிரஷைக் குழியில் ஒருமுறை தொட்டு, புறங்கையில் தட்டி, மறுகா கண்ணுக்குக் கொண்டுபோங்கள். அந்தத் தட்டலை விட்டால் கன்னமெல்லாம் தூள். இரண்டாவது, கடும் பழுப்பு. மெல்லிய பிரஷால் மேல் இமைமயிர் ஓரமாக அழுத்தி விடுங்கள். கண்மை மதியத்துக்குள் வழிந்து கண்ணுக்குக் கீழே நிற்கும். தூள் அவ்வளவு இலேசில் வழியாது.

என் பெட்டியைப் பார்த்தாலே விளங்கும். நான்கு வாரம் முடிய செங்கல் நிறக் குழியில் விரல்நுனி அளவு பள்ளம். மேல்வரிசையில் உள்ள மூன்று வெளிர் நிறங்களில் கம்பனிக்காரன் அச்சடித்த பூ வேலைப்பாடு இன்னும் அழியவில்லை.

வாழைச்சேனை: எந்தக் கம்பனி நல்லது, விலை குறைவாக?

கம்பனிப் பெயர் சொல்ல மாட்டேன். பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்: உள்ளே என்ன சேர்த்திருக்கிறது என்ற பட்டியல், இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி. இவை இல்லாததை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் கண்ணுக்கு வாங்காதீர்கள். திருவிழாக் கடையில் வளையல் வாங்கலாம், மணி வாங்கலாம், ஐஷடோ வேண்டாம்.

செங்கலடி: பதினொரு மணிக்கே இமை மடிப்பில் கோடு விழுகிறது.

இமையில் ஊறும் எண்ணெயும் வியர்வையும் செய்கிற வேலை. வலது கண்ணுக்குப் பிரைமர், அதாவது ஐஷடோவுக்கு முன் இமையில் பூசும் அடிப்பூச்சு, போட்டும் இடது கண்ணுக்குப் போடாமலும் ஸ்கூட்டியில் கல்லடிப் பாலம் கடந்து போய்வந்தேன். கச்சான் காற்று வெக்கையாக அடிக்கிற நாட்களில் இடது கண் மதியத்துக்கு முன்பே கோடு விழுந்தது. வலது கண் பின்னேரம் வரை தாக்குப்பிடித்தது. பிரைமர் இல்லையென்றால் கன்சீலர் (கருவளையம் மறைக்கும் கிரீம்) ஒரு பொட்டளவு எடுத்து மோதிர விரலால் தட்டி, மேலே கொஞ்சம் பவுடர். தடிப்பாகப் பூசினால் அதுவே கோடு விழும்.

ஏறாவூர்: அந்த வெளிர் நிறங்களை ஏன் தொடவில்லை? பெட்டியில் ‘தோல் நிறம்’ என்றுதானே போட்டிருக்கிறது?

யாருடைய தோல் நிறம்? 2010இல் அமெரிக்காவின் அர்பன் டிகே கம்பனி ‘நேக்கட்’ (ஒன்றும் பூசாத வெறும் தோல் என்ற கருத்தில்) என்ற பன்னிரண்டு நிறப் பலட்டை விட்டது. 2018இல் அவர்களே அதை நிறுத்திவிட்டார்கள். அந்தச் சாயலில் வந்த பழுப்புப் பெட்டிகள் மட்டும் இன்னும் நின்றபாடில்லை. வெளிர் நிறத்துக்கு டைட்டானியம் டையொக்சைட் என்ற வெள்ளைத் தூள் சேர்ப்பார்கள். நம் இமையில் அது சாம்பல் பூத்த மாதிரி நிற்கும். நமக்கு நியூட்ரல் என்றால் செங்கல், கறுவாப்பட்டை, தேயிலைச் சாயம், இந்த வழியில்தான் போகும்.

அக்கரைப்பற்று, ஒரு தம்பி: பழுப்புத் தோலில் பழுப்பு. கண்ணுக்கே தெரியாத ஒன்றுக்குக் காசா?

உங்கள் வீட்டுச் சுவருக்குச் சுவர் நிறத்திலேயே பெயின்ற் அடிப்பதில்லையா தம்பி?

களுவாஞ்சிகுடி: அந்தத் தம்பியிடம் கேளுங்கள் அக்கா, தாடிக்கு மாதம் எவ்வளவு செலவாகிறது என்று.

திருக்கோவில்: நான் அக்காவோடு ஒத்துப்போக மாட்டேன். வெளிர் நிறம் போட்டால் போட்டோவில் கண் பெரிதாகத் தெரிகிறது.

அக்கரைப்பற்று, அதே தம்பி: பார்த்தீர்களா, உங்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை.

இதற்கு மேல் பதினேழு பேர் எழுதிவிட்டீர்கள், பாதி தாடியைப் பற்றி. திருக்கோவில் தங்கச்சி சொல்வதில் ஒரு பங்கு சரி. கண்ணின் உள்மூலையில், அரிசி அளவு, மினுக்கமுள்ள வெளிர் நிறம் வைத்தால் கண் விழிப்பாகத் தெரியும். முழு இமையிலும் அப்பிக்கொள்வதைத்தான் வேண்டாம் என்கிறேன். ஃபிளாஷ் வெளிச்சத்தில் அழகாக இருப்பது கச்சேரி (மாவட்டச் செயலகம்) வாசல் வெயிலில் அழகாக இருக்காது. தம்பி, உங்களுக்கு: இரும்பு ஒக்சைட்டுகள்தான் இந்தப் பழுப்புகளின் உயிர். சிவப்பு, மஞ்சள், கறுப்பு மூன்றையும் கலக்கும் அளவில்தான் வித்தியாசம். மணப்பெண்ணின் கண்ணில் ஒரு படி கூடினால் அவள் தாய்க்கே தெரியும். உங்களுக்குத் தெரியாவிட்டால் பரவாயில்லை, உங்களுக்காகப் போடவில்லை.

காத்தான்குடி: ஐஷடோவில் பூச்சியிலிருந்து எடுத்த நிறம் இருக்கிறதாமே? உண்மையா அக்கா?

உண்மை. கார்மைன் என்று பெயர், கொச்சினீல் என்ற பூச்சியிலிருந்து எடுப்பது. பட்டியலில் சி.ஐ. 75470 என்ற இலக்கம் இருக்கும். பெரும்பாலும் ரோசா, சிவப்பு, ஊதா நிறங்களில் வரும். 77491, 77492, 77499 என்றால் இரும்பு ஒக்சைட், பூச்சி இல்லை. ஆகுமா ஆகாதா என்பதை மௌலவியிடம் கேளுங்கள், என்னிடம் இலக்கம் மட்டும்தான் இருக்கிறது. சைவக்காரர் நான்கு பேரும் இதையே கேட்டிருந்தீர்கள், உங்களுக்கும் இதுவே பதில். கூடவே ஒன்று: பெயர் விவரம் இல்லாத சுறுமா, கண்மை பிள்ளைகளுக்குப் போடாதீர்கள். சிலவற்றில் ஈயம் இருக்கிறது.

ஆரையம்பதி: எந்தக் கம்பனி வாங்கலாம்?

வாழைச்சேனைக்குச் சொன்னதுதான். பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்.

பாண்டிருப்பு: கனடாவிலிருந்து சின்னம்மா ஆறு வருடத்துக்கு முன் அனுப்பிய பெட்டி, இன்னும் புதுசு போலவே இருக்கிறது.

பின்பக்கம் திறந்த டப்பா மாதிரி ஒரு படம், உள்ளே 24 எம் என்றோ 12 எம் என்றோ இருக்கும். திறந்த நாளிலிருந்து அத்தனை மாதம். சின்னம்மாவுக்கு வருத்தம் வராமல் மேசையில் வையுங்கள், கண்ணில் வேண்டாம்.

மண்டூர்: கண்கட்டி வந்திருக்கிறது, எந்த நிறத்தால் மறைக்கலாம்?

எதாலும் இல்லை. கண் வைத்தியரிடம் போங்கள். அந்தப் பிரஷைத் தங்கைக்கும் கொடுக்காதீர்கள்.

நிந்தவூர்: கொன்ராக்ட் லென்ஸ் போடுகிறேன்.

லென்ஸ் முதலில், ஐஷடோ பிறகு. கழற்றும்போதும் லென்ஸ் முதலில்.

ஓட்டமாவடி: அக்கா, எந்தக் கம்பனி…

மனே, திருப்பிப் பார்.

வந்தாறுமூலை, மாணவி: இரவில் கழுவக் களைப்பு. தேங்காய் எண்ணெய் போதுமா?

எண்ணெய் நன்றாகவே கழற்றும். பஞ்சில் இரண்டு துளி எடுத்து மூடிய இமையில் வைத்து, பத்து வரை எண்ணிவிட்டுக் கீழ்நோக்கி இழுங்கள், தேய்க்காமல். கண்ணுக்குள் போனால் கொஞ்ச நேரம் மங்கலாகத் தெரியும். அதன் பிறகு முகம் கழுவத்தான் வேண்டும். கழுவாமல் படுத்தால் அடுத்த நாள் ஐஷடோ இமையில் நிற்கவே நிற்காது, செங்கலடி அக்காவின் பதினொரு மணி உங்களுக்கு ஒன்பது மணிக்கே வந்துவிடும்.