சின்னக் கல்லூரியில் வேறு வேறு துறை ஆசிரியர்கள் தங்கள் ஆய்வைப் பகிர்ந்துகொள்வதில் நிஜமாகவே பயன் உண்டா?

கேள்வி: புதுச்சேரியில் ஒரு சிறிய கலை அறிவியல் கல்லூரியில் வணிகவியல் துறையில் சேர்ந்திருக்கிறேன். மீன் விற்கும் பெண்களின் சுய உதவிக் குழுக் கடன், அவர்கள் தவணை கட்டும் விதம், இதுதான் என் பிஎச்.டி. தலைப்பு. மாதம் ஒரு ஆசிரியர் மற்ற எல்லாத் துறையினர் முன்னாலும் தன் ஆய்வைப் பற்றிப் பேச வேண்டும் என்று முதல்வர் சொல்லிவிட்டார். அடுத்த மாதம் என் முறை. இதில் ஏதாவது பயன் உண்டா, இல்லை 'நாக்' (கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் அமைப்பு) கோப்புக்குப் போட்டோ எடுக்கும் வேலையா?

பதில்:

போட்டோ கட்டாயம் எடுப்பார்கள். பேனர் அடிப்பார்கள், வருகைத்தாளில் கையெழுத்து வாங்குவார்கள். அது அவர்கள் பிழைப்பு, விட்டுவிடுங்கள். அந்தப் போட்டோ எடுத்து முடித்த பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நான் கடலூரில் உங்களுடையதைப் போலவே ஒரு சின்னக் கல்லூரியில் கணிதம் நடத்துகிறேன். எங்கள் துறையில் ஒருவர் கிராஃப் தியரி, ஒருவர் ஃபஸ்ஸி, ஒருவர் வரிசைக் கோட்பாடு, நான் கணித வரலாறு. ஒருவர் கட்டுரையை இன்னொருவர் படித்தால் முதல் பத்தியோடு சரி. அதற்கு மேல் மரியாதைக்குத் தலையாட்டல்தான். பெரிய பல்கலைக்கழகம் என்றால் பக்கத்து அறையிலேயே அதே தலைப்பில் வேலை செய்கிற ஆள் கிடைப்பார். இங்கே அது கிடையாது. சொந்தத் துறைக்காரருக்கே நம் வேலை அந்நியம் என்றால், தாவரவியல் மேடமும் தமிழ் ஐயாவும் மட்டும் தூரமா என்ன? சின்னக் கல்லூரியின் குறையாக எல்லாரும் சொல்கிற இந்த நிலைமைதான் இந்தக் கூட்டத்துக்குப் பலம் என்பது என் கருத்து. ஸ்டாஃப் ரூம் ஒன்றுதான், டீ வருவதும் ஒரே கேனில்தான்.

ஆனால் ஒரு நிபந்தனை. முடித்து வைத்த ஆய்வைக் கொண்டுபோகாதீர்கள். போன வருஷம் ஏதோ மாநாட்டில் காட்டிய ஸ்லைடுகளைத் தூசு தட்டி எடுத்து வந்து, 'நோக்கங்கள், கருதுகோள்கள், மாதிரி அளவு' என்று வரிசையாக ஒப்பித்தால் எல்லாரும் போனைப் பார்ப்பார்கள், கடைசியில் ஒருவர் 'அருமையான உரை' என்பார், நாலரை பஸ்ஸுக்கு ஓடுவார்கள். எங்கே மாட்டிக்கொண்டு நிற்கிறீர்களோ, அந்த இடத்தைக் கொண்டுபோங்கள். தெரிந்ததைச் சொன்னால் கேட்பார்கள். மாட்டிக்கொண்டதைச் சொன்னால்தான் வாய் திறப்பார்கள்.

எங்கள் தாவரவியல் மேடம் பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் இலையுதிர்வை அளக்கிறார். மரத்தடியில் வலை கட்டி, விழுகிற இலையைச் சேர்த்து, காயவைத்து எடை போடுவது. கேட்கவே அலுப்பான வேலை. எங்கள் கல்லூரியில் நடந்த இதே மாதிரிக் கூட்டத்தில் தில்லை மரத்தின் படம் ஒன்று போட்டார். உதிர்வதற்கு முன்னால் அதன் இலை பச்சை போய் மஞ்சளாகி, பிறகு செங்காவி நிறமாகிவிடும். கிளை முழுக்க அப்படி. அதன் பாலைப் பற்றி, கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்பது பற்றி அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின் வரிசையிலிருந்து தமிழ் ஐயா எழுந்தார்.

"அம்மா, அந்தப் படத்துக்குக் கொஞ்சம் திரும்பப் போங்க."

போனார். ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு முன்னால் வந்து நின்று பார்த்தார். புறநானூறு 252ஆம் பாட்டு. முன்பு சொல்வலை வீசி மயில் போன்ற பெண்களைப் பிடித்துக்கொண்டிருந்த ஒருவன் இப்போது துறவியாகித் தாளி இலை கொய்துகொண்டிருக்கிறான். ஒலிக்கிற வெள்ளருவியில் நனைந்து நனைந்து நிறம் மாறிப்போன அவன் சடை, 'தில்லை அன்ன புல்லென் சடை.' வகுப்பில் எத்தனையோ வருஷம் நடத்திய வரியை, மரத்தின் நிறத்தோடு சேர்த்துப் பார்த்தது அன்றைக்குத்தான் என்றார். அறையில் ஒரு சலசலப்பு. கைதட்டல்கூட.

இத்தோடு முடிந்திருந்தால் அது வெறும் நல்ல சமாசாரம். மேடம் விடவில்லை.

"ஐயா, எனக்கு ஒண்ணு புரியல. அருவியில குளிக்கிறவர் மலையில இருக்கார். தில்லை உப்பங்கழி ஓரத்துல நிக்கிற மரம். மலையில இருக்கிறவர் சடைக்குக் கழிமுகத்து மரத்தை எதுக்கு உவமை சொல்லணும்?"

ஐயா சற்று யோசித்து, "அது மட்டும் இல்லம்மா," என்றார். குறிஞ்சிப்பாட்டில் மலைப்பக்கத்துப் பெண்கள் பறித்துக் குவிக்கிற பூக்களின் நீண்ட பட்டியலிலும் 'தில்லை பாலை கல்லிவர் முல்லை' என்று தில்லை வருகிறது. மேடம் உடனே அடுத்த படத்தைப் போட்டார். தில்லையின் பூ: ஆண் மரத்தில் மெல்லிய கதிர் போலத் தொங்கும், பெண் மரம் தனி. தனித்தனிப் பூவாகப் பார்த்தால் கண்ணுக்கே தெரியாத அளவு. பறிக்கப் போனால் பால் கையில் வடியும். "இதை யாருங்க ஐயா ஆசையா பறிச்சுக் குவிப்பாங்க?"

அப்போது பாட்டில் வருகிற தில்லையும் பிச்சாவரத்துத் தில்லையும் ஒரே மரம்தானா? புலவர் பார்த்து எழுதினாரா, பட்டியலின் ஓசைக்காகச் சேர்த்தாரா? இதற்கு இன்னும் முடிவு வரவில்லை. ஐயா சங்கப் பாடல்களில் தில்லை வருகிற இடங்களைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி எடுத்துவருகிறார். மேடம் ஒவ்வொன்றாகப் பார்த்து 'இது பொருந்தும், இது பொருந்தாது' என்கிறார். இதிலிருந்து கட்டுரை வருமோ வராதோ, வந்தால் எந்த இதழ் போடும் என்றே தெரியாது. ஆனால் இரண்டு பேரும் தனியாக இருந்தால் இந்தக் கேள்வியே பிறந்திருக்காது. தமிழ் ஐயாவுக்கு அது உவமை, மேடத்துக்கு எடை போடுகிற சருகு.

உங்கள் ஊர்க் கதை ஒன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தக் கூட்டத்தில் என் முறை வந்தபோது நான் பேசியது அதைத்தான். 1825இல் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர், தரையில் சோழிகளை வைத்து நகர்த்தியே, அந்த ஆண்டு மே 31 – ஜூன் 1 இரவு நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்த ஜான் வாரன் என்பவர் அதைக் கூட இருந்து பார்த்து, தன் 'கால சங்கலித' நூலில் பதிவு செய்தார். காகிதத்தில் ஒரு எண்கூட எழுதவில்லை. அட்டவணை முழுவதும் மனப்பாடம், எழுத்தே எண்ணாக. எண்ணை ஒளித்துவைத்த அந்தச் சொற்றொடருக்கு 'வாக்கியம்' என்று பேர். நிலாவுக்கான முதல் வாக்கியம் 'கீர்ந ச்ரேய.' ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கிற கடபயாதி முறையில் கீ 3, ந 0, ச்ரே 2, ய 1. பின்னாலிருந்து படித்தால் 1203, அதாவது 12 பாகை 3 கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு கலை). முதல் நாளில் நிலா நகர்கிற தூரம் அது. இப்படி 248 வாக்கியங்கள்.

நான் மாட்டிக்கொண்டிருந்தது அவருடைய பிழையில். கிரகணத்தின் தொடக்கத்தில் அவர் கணக்குக்கும் உண்மைக்கும் வித்தியாசம் 4 நிமிடம்தான். நடுவில் எதிர்ப்பக்கமாக 23. முடிவில் அதே எதிர்ப்பக்கமாக 52. ஏன் இப்படிப் போகப்போகப் பெருகுகிறது? மேஜையில் சோழியைப் பரப்பி வைத்துக்கொண்டு இதைக் கேட்டேன்.

இயற்பியல் சார் தாடியைத் தடவிக்கொண்டு சொன்னார்: "பெருகுதுன்னு பாக்காதீங்க மேடம். ஆரம்பம் ஒரு பக்கம் 4, முடிவு மறுபக்கம் 52. அப்போ கிரகணத்தோட மொத்த நேரமே 56 நிமிஷம் தப்பு. நடுப்புள்ளி 23தான். நிலா எந்த இடத்துல இருக்குங்கிறது ஓரளவு சரியா வந்திருக்கு. நீங்க தேட வேண்டியது பூமி நிழலோட அகலத்துல, இல்லைன்னா சூரியன் போற பாதையிலிருந்து நிலா விலகியிருக்கிற அளவுல." வாக்கிய அட்டவணையை விட்டு நிழலின் அளவுக்கு என் வேலை திரும்பியது அந்த ஒரு பேச்சில்தான். அதே கூட்டத்தில் பொருளாதார சார் கேட்டது: "அந்தப் பஞ்சாங்கக்காரருக்கு யார் கூலி குடுத்தாங்க?" எல்லாரும் சிரித்தார்கள். யோசித்தால் அது சிரிக்கிற கேள்வி இல்லை. இப்படிப்பட்ட அறிவு எந்தச் சோற்றில் உயிர்வாழ்ந்தது என்பதுதானே அது. குறித்து வைத்திருக்கிறேன்.

வாரன் எழுதி வைத்ததை 1952இல் எடுத்து விரிவாக ஆராய்ந்தவர் யார் தெரியுமா? ஓட்டோ நாய்கபவர். பாபிலோனியக் களிமண் பலகைகளில் உள்ள வானியலைப் படித்தவர். 248 நாள் என்றால் நிலா பூமிக்கு நெருங்கி விலகும் சுற்று 9 முறை; அந்தக் கணக்கு பாபிலோனிலும் உண்டு என்பதை அவர் எடுத்துக்காட்டினார். வாரனுக்கும் முன்னாலேயே, 1769இல் வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரிக்கு வந்து, மேகம் மறைத்து ஏமாந்துபோன பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்தீல், இங்கே தங்கிய காலத்தில் தமிழர்களின் கிரகணக் கணக்கைக் கற்றுக்கொண்டு போனார். வந்த வேலை கெட்டது, வராத வேலை கிடைத்தது.

உங்கள் ஊரே இதற்கு வசதியான ஊர். பழைய துறைமுகமான அரிக்கமேட்டை 1945இல் தொல்லியலாளர் வீலர் தோண்டியபோது கிடைத்ததில் இத்தாலியப் பானை ஓடும் இருந்தது, தமிழ் பிராமி கீறிய ஓடும் இருந்தது. ஒரே குழியைப் படிக்க எத்தனை துறை ஆள் வேண்டும் பாருங்கள். செயின்ட் லூயி வீதியில் 1955இலிருந்து இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் சைவ ஆகம ஓலைச்சுவடிகளும் காட்டு மரங்களின் மகரந்தத் தொகுப்பும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. நேரம் கிடைக்கும்போது நூலகத்துக்குப் போய் வாருங்கள்.

தொல்லைகள் இல்லை என்று சொல்ல மாட்டேன். மூத்தவர் ஒருவர் முன் வரிசையில் உட்கார்ந்துகொண்டு கேள்வி கேட்கிற சாக்கில் தன் சுயசரிதையைச் சொல்வார். ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வரும். வந்தால் கேள்விகள் பாதியாகிவிடும், நான் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். தமிழில் பேசுங்கள், கலைச்சொல் எந்த மொழியில் இருந்தால் என்ன. சான்றிதழ் கொடுக்க ஆரம்பித்தால் சான்றிதழுக்காக வருகிறவர்கள் கூட்டத்தை நிரப்பிவிடுவார்கள். 'பல்துறை ஆய்விதழ்' என்று பேர் வைத்துக்கொண்டு பணம் கேட்கிற கும்பலிடம் கூட்டுக் கட்டுரையைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். காது கேட்காத மாதிரி இருந்துவிடுங்கள். இருபது நிமிடம் நீங்கள் பேசுங்கள், மீதி நேரம் அவர்கள் பேசட்டும். சுண்டல் இருந்தால் நல்லது.

இனி உங்கள் தலைப்பு. தவணை தவறுகிற மாதங்களைக் காரணம் புரியாமல் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். இந்தத் தலைப்பில் மாட்டிக்கொள்கிற இடம் பெரும்பாலும் அதுதான். அந்த மாத வாரி வரைபடத்தை மட்டும் எடுத்துப்போய் விலங்கியல் ஆசிரியர் முன்னால் வையுங்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. கட்டுமரத்துக்குத் தடை கிடையாது. ஆகவே தடைக்காலத்தில் எல்லா மீன்காரம்மாவுக்கும் ஒரே மாதிரி நஷ்டம் என்று எடுத்துக்கொண்டு சராசரி போடாதீர்கள். துறைமுக ஏலத்தில் விசைப்படகு மீன் எடுப்பவருக்குச் சரக்கே இருக்காது. கரையிலேயே சின்னப் படகுகளில் வாங்குகிறவருக்குச் சரக்கு குறைவாக இருந்தாலும் விலை ஏறியிருக்கும். யார் எங்கே வாங்குகிறார் என்ற கேள்வி உங்கள் கேள்விப் பட்டியலில் இருக்கிறதா? ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கையால் படகு போகாத நாட்கள் வேறு கணக்கு. இன்னொன்று: யூனியன் பிரதேசம் முழுவதற்குமான புள்ளிவிவரம் வைத்திருந்தால் மாஹேயைத் தனியாக எடுத்துவிடுங்கள். அது மேற்குக் கரை, அங்கே தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. சேர்த்துக் கூட்டினால் உங்கள் வரைபடத்தில் இரண்டு பள்ளமும் ஒன்றோடொன்று கலந்து எதுவும் தெரியாது.

தண்டல் வட்டிக்கு வாங்கிக் குழுத் தவணையைக் கட்டுகிறார்களா என்பதைச் சமூகவியல் ஆள் யாராவது இருந்தால் அவர் கேட்பார். உங்கள் கல்லூரியில் அந்தத் துறை இல்லையென்றால் ஸ்டாஃப் ரூமுக்கு டீ கொண்டுவருகிற அக்காவையும் கூட்டத்தில் உட்காரச் சொல்லுங்கள். அவர் ஏதாவது குழுவில் கட்டாயம் இருப்பார்.